பணியிடமும் பணியும்: பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியச் சட்டத்தின் வரலாறு (1860–2024)

ஆய்வுச் சுருக்கம்

பணியிடத்தில் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் துன்புறுத்தலை இந்தியச் சட்டம் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் முதல் அண்மைக்கால உச்ச நீதிமன்ற ஆணைகள் வரை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. இவ்வரலாற்றில் மூன்று வினாக்கள் தொடர்ந்து எழுந்துள்ளன. இழைக்கப்பட்ட தீங்கின் பெயர் என்ன? அதற்குப் பொறுப்பானவர் யார்? பாதுகாப்பு எந்த எல்லை வரை செல்லும்? முதலிரு வினாக்களுக்கும் சட்டம் அளித்த விடைகள் பெரிதும் மாறியுள்ளன. மூன்றாம் வினாவுக்கான விடை ‘இடம்’ என்ற அளவுகோலிலேயே நின்றுவிட்டது. இதன் விளைவாக, எந்தப் பெண்ணின் பாதிப்பிலிருந்து இச்சட்டம் பிறந்ததோ அவரைப் போன்ற அமைப்புசாராப் பெண் தொழிலாளர்கள் சட்டத்தின் விளிம்பிலேயே நிற்கின்றனர் என்பதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பணியிடம், பாலியல் துன்புறுத்தல், மானபங்கம், விசாகா தீர்ப்பு, உள்ளகக் குழு, உள்ளூர்க் குழு, அமைப்புசாராத் தொழிலாளர்.

முன்னுரை

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் தீர்வு) சட்டம் 2013 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள், தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளில் இன்று காணப்படும் உள்ளகக் குழு உறுப்பினர் பட்டியல் அச்சட்டத்தின் கண்கூடான அடையாளமாகும். எனினும் இச்சட்டத்தின் மூலம் ஓர் அலுவலகத்தில் இல்லை. இராசத்தான் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், மதிப்பூதியம் பெற்றுப் பணியாற்றிய ஒரு பெண்ணுக்கு 1992ஆம் ஆண்டு இழைக்கப்பட்ட வன்கொடுமையே அதன் தொடக்கம்.

சிற்றூரில் தொடங்கிய வழக்கு அலுவலகச் சட்டமாக உருப்பெற்றது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, தண்டனைச் சட்டம், தொழிலாளர் சட்டம், அரசமைப்புச் சட்டம் ஆகிய மூன்று மரபுகளையும் ஒருங்கே நோக்க வேண்டும். இம்மூன்றும் நெடுங்காலம் ஒன்றையொன்று சந்திக்காமலேயே இயங்கின. தண்டனைச் சட்டம் பெண்ணின் மானத்தைக் கண்டது. அவள் தொழிலைக் காணவில்லை. தொழிலாளர் சட்டம் அவள் தொழிலைக் கண்டது. அங்கு அவளுக்கு நேரும் பாலியல் தீங்கைக் காணவில்லை. இவ்விரு குருட்டிடங்களுக்கும் இடையில் உழைக்கும் பெண்கள் சட்டப் பெயரற்ற ஒரு துன்பத்தை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்தனர்.

மானம் என்னும் சட்டச்சொல்

1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இப்பொருள் தொடர்பாக இரு பிரிவுகள் முதன்மையானவை. ஒரு பெண்ணின் மானத்திற்குப் பங்கம் விளைவிக்கும் கருத்துடன் அவளைத் தாக்குவதையோ வன்முறையைப் பயன்படுத்துவதையோ 354ஆம் பிரிவு குற்றமாக்கியது. மானத்தை இழிவுபடுத்தும் கருத்துடன் கூறப்படும் சொல், காட்டப்படும் சைகை, செய்யப்படும் செயல் ஆகியவற்றை 509ஆம் பிரிவு தண்டித்தது. இரண்டிலும் குற்றத்தின் மையம் ‘மானம்’. அது பெண்ணின் உரிமையாக அன்றி, அவளிடம் இருக்க வேண்டிய ஒரு பண்பாகவே கருதப்பட்டது.

இக்கருத்தாக்கத்தின் இடர்ப்பாடு பஞ்சாப் அரசு எதிர் மேஜர் சிங் வழக்கில் வெளிப்பட்டது. ஏழரை மாதப் பெண் குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை 354ஆம் பிரிவின் கீழ் வருமா என்பதே அவ்வழக்கின் வினா. அவ்வயதுக் குழந்தைக்கு மான உணர்வு உண்டா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் விவாதித்தன. பெண்ணின் மானத்தின் சாரம் அவளது பாலினமே என்றும், பாதிக்கப்பட்டவர் அதனை உணரும் நிலையில் இருந்தாரா என்பது முடிவான அளவுகோல் ஆகாது என்றும் 1966இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. பாதுகாப்பின் எல்லையை அத்தீர்ப்பு விரித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மானம் என்ற சொல்லைச் சட்டம் கைவிடவில்லை.

இப்பிரிவுகளுக்கு மற்றொரு குறையும் இருந்தது. அவை குற்றவாளியை ஒரு தனிமனிதராக மட்டுமே கண்டன. தெருவில் எதிர்ப்படும் அந்நியரும், கூலியையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கும் மேலாளரும் சட்டத்தின் முன் ஒரே நிலையினர். பெண் மறுத்தால் வேலை போகும் என்ற அச்சம் குற்றக்கூறுகளில் ஒன்றாக எண்ணப்படவில்லை.

தொழிலாளர் சட்டங்களின் மௌனம்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்கள் பெண் தொழிலாளரைத் தனியே கருத்தில் கொண்டன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவுப்பணியைக் கட்டுப்படுத்தியதுடன் குழந்தைகள் காப்பகத்திற்கும் வழிசெய்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கூலி வேறுபாட்டைத் தடுக்க முனைந்தது. இவை பெண்ணின் உடலை இயந்திரத்திடமிருந்தும் இரவிடமிருந்தும் காத்தன. மகப்பேற்றுக் காலத்தில் அவளுக்குத் துணைநின்றன. மேற்பார்வையாளரின் கையிலிருந்தும் சொல்லிலிருந்தும் காப்பது குறித்து அவற்றில் எதுவும் இல்லை.

இரவுப்பணித் தடை ஒருவகைப் பாதுகாப்பாகவே கருதப்பட்டது. தீங்கு நேரக்கூடிய நேரத்தில் பெண்ணை ஆலையை விட்டு விலக்கி வைப்பதே அதன் தருக்கம். இத்தடையை 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் அரசமைப்புக்கு முரணானது என அறிவித்து, இரவுப்பணி அளிக்கும் நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு நிபந்தனைகளையும் வகுத்தது. பெண்ணை விலக்கிப் பாதுகாத்தல் என்ற பழைய முறையிலிருந்து, பாதுகாக்கும் கடமையை வேலையளிப்பவர் மீது சுமத்துதல் என்ற புதிய முறைக்குச் சட்டச் சிந்தனை நகர்ந்ததை இத்தீர்ப்பு காட்டுகிறது. அந்நகர்வு நேர்ந்ததற்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் நிகழ்வுகளே காரணம்.

அதிகாரம் குற்றக்கூறாதல்

முதல் மாற்றம் காவல் நிலையத்தில் நிகழ்ந்த ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. மதுரா வழக்கு என அறியப்படும் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இளம் பழங்குடிப் பெண்ணின் உடலில் காயங்கள் இல்லாமை அவர் இசைந்ததற்கான அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல், அடிபணிதல் வேறு, இசைதல் வேறு என்ற வேறுபாட்டைப் பொதுவெளியில் முன்வைத்தது.

நாடெங்கும் எழுந்த மகளிர் இயக்கப் போராட்டங்களின் விளைவாக 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவல் அதிகாரி, பொது ஊழியர், சிறை அல்லது மருத்துவமனை நிருவாகத்தினர் ஆகியோர் தம் நிலையைப் பயன்படுத்தித் தம் பொறுப்பிலுள்ள பெண்ணிடம் இழைக்கும் குற்றங்கள் தனிப் பிரிவுகளாயின. பதவி தரும் அதிகாரமே பெண்ணின் மறுப்பை வாயடைக்கக் கூடும் என்பதை இந்தியச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது இத்திருத்தத்தில்தான். எனினும் அதன் பார்வை அரசின் காவலில் உள்ள பெண்ணோடு பெரும்பாலும் நின்றது. நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் பெண் அதற்குள் முழுமையாக வரவில்லை.

சண்டிகர் வழக்கு

பதவியில் உயர்ந்த பெண்ணும் இத்தீங்கிலிருந்து தப்பவில்லை என்பதை ரூபன் தியோல் பஜாஜ் வழக்கு உணர்த்தியது. பஞ்சாப் மாநில இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான அவர், 1988 சூலை 18 அன்று சண்டிகரில் மூத்த அதிகாரி ஒருவரின் இல்லத்தில் நடந்த விருந்தில், அம்மாநிலக் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தம்மிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் அளித்தார். பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளால் நாடு அறிந்தவராகக் கில் விளங்கிய காலம் அது. 1989இல் பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. அற்பமான தீங்கு குற்றமாகாது எனக் கூறும் தண்டனைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

1995இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தது. பெண்ணின் மானத்திற்குப் பங்கம் விளைவிக்கும் செயல் எந்நிலையிலும் அற்பமானது ஆகாது என அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. 1996இல் சண்டிகர் நீதிமன்றம் 354, 509 ஆகிய பிரிவுகளின் கீழ்க் கில்லைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஒரு புகார் இறுதி முடிவை எட்டப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஆட்சிப் பணி அதிகாரிக்கே இந்நிலை எனில், எழுதப் படிக்க அறியாத தினக்கூலிப் பெண்ணுக்கு 1860ஆம் ஆண்டின் பிரிவுகள் எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டேரி, 1992

இராசத்தான் அரசு 1984இல் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் ஊர்தோறும் ‘சாத்தின்’ (தோழி) என்ற பெயரில் பெண்கள் அமர்த்தப்பட்டனர். நிலம், கூலி, குடிநீர், கல்வி, நலவாழ்வு ஆகியவற்றை ஊர்ப் பெண்களிடம் பேசுவதும் சமூகத் தீமைகளை எதிர்ப்பதும் அவர்கள் பணி. அவர்கள் ஊதியம் பெறும் அரசூழியர்களாகக் கருதப்படவில்லை. மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர்களாகவே நடத்தப்பட்டனர். செய்யப்படும் பணி அரசினுடையது, செய்பவர் அரசூழியர் அல்லர் என்ற இந்த இரட்டை நிலை இவ்வரலாற்றில் முக்கியமானது.

செய்ப்பூருக்கு அருகிலுள்ள பட்டேரி என்னும் ஊரைச் சேர்ந்த பன்வாரி தேவி, மண்பாண்டம் வனையும் குமார் சாதியினர். அவர் 1985 முதல் சாத்தினாகப் பணியாற்றினார். 1992இல் அட்சய திருதியையை ஒட்டிக் குழந்தைத் திருமணங்களைத் தடுக்குமாறு அரசு இயக்கம் நடத்தியது. ஓராண்டு கூட நிறையாத பெண் குழந்தைக்கு ஏற்பாடாகியிருந்த திருமணத்தைத் தடுக்க அவர் முயன்றார். காவல்துறை வந்து சென்ற பின்னும் திருமணம் நடந்தேறியது. அவர் குடும்பம் ஊர்விலக்கத்துக்கு ஆளானது. 1992 செப்டம்பர் 22 அன்று வயலில் கணவருடன் வேலை செய்துகொண்டிருந்தபோது ஐவர் கணவரைத் தாக்கினர். பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டதாகப் புகார் அளித்தார். மருத்துவப் பரிசோதனை இரண்டு நாள்களுக்குப் பின்னரே நடந்தது.

1995 நவம்பரில் செய்ப்பூர் அமர்வு நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரையும் விடுவித்துச் சிறு குற்றங்களுக்கு மட்டும் தண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோரின் சாதி, வயது, உறவு ஆகியவற்றைக் காட்டி அவர்கள் இக்குற்றத்தைக் கூடிச் செய்திருக்க இயலாது என்ற வகையில் அத்தீர்ப்பு கூறிய காரணங்கள் நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயின. மேல்முறையீடு பல்லாண்டுகள் நிலுவையில் கிடந்தது.

விசாகா தீர்ப்பு

பன்வாரி தேவிக்கு நேர்ந்ததை ஒரு தனிக் குற்றமாக மட்டும் காணாமல், பணியின் காரணமாகப் பெண்கள் எதிர்கொள்ளும் ஆபத்தாகக் கண்ட மகளிர் அமைப்புகளும் செயற்பாட்டாளர்களும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மனுதாரர்களுள் ஒன்றான செய்ப்பூர் அமைப்பின் பெயரால் வழக்கு ‘விசாகா எதிர் இராசத்தான் அரசு’ எனப்படுகிறது. அமர்வு நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்ததற்கு எதிர்வினையாகவே இம்மனு தொடுக்கப்பட்டது எனப் பல கட்டுரைகள் எழுதிச் செல்கின்றன. மனுவின் பதிவெண்ணோ 1992ஆம் ஆண்டுக்குரியது. விடுதலைத் தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மகளிர் இயக்கம் இச்சிக்கலைப் பணி சார்ந்த உரிமைச் சிக்கலாக இனங்கண்டிருந்தது என்பதை இக்காலவரிசை மெய்ப்பிக்கிறது.

தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகியோர் அடங்கிய அமர்வு 1997 ஆகஸ்டு 13 அன்று தீர்ப்பளித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல், அரசமைப்பின் 14, 15, 21ஆம் கூறுகள் காக்கும் சமத்துவம், பாகுபாடின்மை, வாழ்வுரிமை ஆகியவற்றையும், 19(1)(ஜி) கூறு அளிக்கும் தொழில் செய்யும் உரிமையையும் மீறுவதாகும் என்று நீதிமன்றம் கூறியது. உள்நாட்டுச் சட்டம் இல்லாத நிலையில், இந்தியா 1993இல் ஏற்புறுதி அளித்த பெண்களுக்கு எதிரான அனைத்துவகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையைத் துணைக்கொண்டு நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை அவையே 141ஆம் கூறின்படி சட்டமாகும் என அறிவித்தது.

இத்தீர்ப்பு மூன்று அடிப்படை மாற்றங்களைச் செய்தது. முதலாவது, தீங்கின் பெயர் மாறியது. மானபங்கம் என்ற இடத்தில் சமத்துவ மறுப்பு வந்தது. இரண்டாவது, அளவுகோல் மாறியது. ஆணின் கருத்து என்ன என்பதைவிட, அச்செயல் பெண்ணால் விரும்பப்படாதது என்பதே முதன்மையாயிற்று. மூன்றாவது, பொறுப்பு விரிந்தது. தடுப்பதும், பெண் தலைமையில் பாதிக்குக் குறையாத பெண் உறுப்பினர்களுடன் வெளியாள் ஒருவரையும் கொண்ட புகார்க் குழுவை அமைப்பதும் வேலையளிப்பவரின் கடமைகளாயின. ஊதியம், மதிப்பூதியம், தன்னார்வம் ஆகிய எவ்வடிவில் பணி செய்பவரையும் நெறிமுறைகள் உள்ளடக்கின. சாத்தின்களின் நிழல் இவ்வொரு தொடரில் தெளிவாகவே படிந்துள்ளது.

அதே தீர்ப்பின் தொடக்கத்தில் கவனிக்கத்தக்க ஒரு விலக்கமும் உண்டு. மனுவுக்கு உடனடிக் காரணமான வன்கொடுமை தனிக் குற்றவியல் நடவடிக்கைக்கு உரியது என்பதால் அதனை மேலும் குறிப்பிடத் தேவையில்லை என நீதிமன்றம் கூறி மேற்சென்றது. சட்ட நடைமுறை நோக்கில் அது முறையானதே. விளைவு நோக்கில், வயலும் சாதியும் ஊர்விலக்கமும் தீர்ப்பின் ஆய்வுப்பொருளாகாமல் போயின. எஞ்சியது வேலையளிப்பவர், பணியாளர், பணியிடம் என்ற முக்கோணம். பிற்காலச் சட்டம் இம்முக்கோணத்தின் மீதே எழுப்பப்பட்டது.

இடைப்பட்ட பதினாறு ஆண்டுகள்

1998இல் மத்திய அரசூழியர் நடத்தை விதிகளில் 3-சி என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. 1999இல் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் எதிர் ஏ.கே. சோப்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாகா நெறியை முதன்முறையாகப் பணிநீக்க நடவடிக்கையொன்றில் பொருத்திக் காட்டியது. 1988 ஆகஸ்டில் தில்லி விடுதியொன்றின் வணிக மையத்துக்குச் சுருக்கெழுத்துப் பணிக்காக அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணிடம் அதிகாரி முறைகேடாக நடந்தார் என்பது குற்றச்சாட்டு. உடல் தொடுகை மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறித் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு மீண்டும் பணி வழங்கியிருந்தது. தொடுகை இல்லாததனாலேயே துன்புறுத்தல் இல்லை என்றாகாது எனக் கூறிய உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை நிலைநிறுத்தியது.

நெறிமுறைகளின் செயலாக்கமோ மந்தமாக இருந்தது. மேதா கோத்வால் லேலே வழக்கில் 2004இல் பிறப்பித்த ஆணையில், புகார்க் குழுவின் அறிக்கையே ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணை அறிக்கையாகக் கருதப்படும் என நீதிமன்றம் தெளிவாக்கியது. 2012 அக்டோபரில் அதே வழக்கின் இறுதித் தீர்ப்பு, பல மாநிலங்கள் நெறிமுறைகளை உரியவாறு நடைமுறைப்படுத்தவில்லை என வருத்தம் தெரிவித்தது.

சட்ட முன்வரைவு 2010 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானபோது வீட்டுப் பணியாளர்கள் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். மகளிர் அமைப்புகளின் எதிர்ப்பும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரையும் அவர்களை உள்ளே கொண்டுவந்தன. இதற்கிடையில் 2012 டிசம்பர் தில்லிக் கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 சனவரியில் அறிக்கை அளித்தது. நிறுவனத்துக்குள்ளேயே அமையும் குழு புகார் அளிப்பதை ஊக்குவிக்காது என்று கூறிய அவ்வறிக்கை, அதற்கு மாற்றாகத் தனித் தீர்ப்பாயத்தைப் பரிந்துரைத்தது. பொய்ப் புகாருக்குத் தண்டனை அளிக்கும் பிரிவையும் எதிர்த்தது. விசாகாவில் புகார்க் குழு முறையை வகுத்த நீதிபதியே பதினாறு ஆண்டு அனுபவத்துக்குப் பின் அதன் போதாமையைச் சுட்டினார். நாடாளுமன்றம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டம்: விரிந்த வரையறை, குறுகிய வழி

வரையறைகளைப் பொறுத்தவரை 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தன்மையானது. நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர் ஆகிய அனைவரும் ‘பணியாளர்’ என்பதில் அடங்குவர். அமைப்புசாராத் துறையும் வீடும் ‘பணியிடம்’ ஆகும். பணியின் பொருட்டுச் செல்லும் இடமும், வேலையளிப்பவர் ஏற்பாடு செய்த வாகனமும் அதில் சேரும்.

தீர்வு வழி இவ்வளவு விரிந்ததன்று. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள இடத்தில் உள்ளகக் குழு அமைய வேண்டும். அதனினும் குறைந்த எண்ணிக்கையினர் உள்ள இடங்களிலும், புகார் வேலையளிப்பவர் மீதே இருக்கும் நிலையிலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை நாட வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையைத் தொண்ணூறு நாள்களில் முடிக்க வேண்டும். கடமை தவறும் வேலையளிப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இவையனைத்தும் பதிவேடும் பணியாளர் பட்டியலும் உள்ள நிறுவனத்துக்கு இயல்பாகப் பொருந்துவன. ஒரு மாவட்டம் முழுவதும் பரவிய வயல்கள், செங்கல் சூளைகள், கட்டுமானக் களங்கள், வீடுகள் ஆகியவற்றில் உழைக்கும் பெண்களுக்கோ ஒரேயொரு உள்ளூர்க் குழு.

வீட்டுப் பணியாளர் நிலை மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் அளிக்கும் புகாரில் முதல்நோக்கில் அடிப்படை இருப்பின், உள்ளூர்க் குழு அதனை ஏழு நாள்களுக்குள் காவல்துறைக்கு அனுப்பி, தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவின் கீழும் பொருந்தும் பிற பிரிவுகளின் கீழும் வழக்குப் பதியச் செய்ய வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. பாலியல் துன்புறுத்தலை அப்பெயராலேயே குற்றமாக்கும் 354-ஏ பிரிவு அதே ஆண்டில் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தும், இங்குப் பெயர் சுட்டப்படுவது 1860ஆம் ஆண்டின் மானப் பிரிவே. அலுவலகப் பெண்ணுக்குச் சமத்துவத்தின் மொழியில் தீர்வு வழங்கும் சட்டம், வீட்டுப் பணிப்பெண்ணை மானத்தின் மொழிக்கே திருப்பி அனுப்புகிறது.

இச்சட்ட வரலாற்றின் மூன்று முதன்மை வழக்குகளும் அலுவலக மேசைக்கு அருகில் நிகழ்ந்தவை அல்ல. ஒன்று இல்ல விருந்தில், ஒன்று விடுதியில், ஒன்று வயலில் நேர்ந்தது. விடுதி, பணியின் பொருட்டுச் சென்ற இடம் என்ற வகையில் இன்றைய வரையறைக்குள் அடங்கும். இல்ல விருந்தைப் பணித் தொடர்பு காட்டி வாதிட முடியும். வயல் எங்கே அடங்கும்? பன்வாரி தேவி அன்று திட்டப் பணியில் இல்லை. தம் வயலில் இருந்தார். தாக்கியவர்கள் உடன்பணியாளர்கள் அல்லர். ஆனால் அவர் தாக்கப்பட்டது தம் பணியைச் செய்ததனால். சட்டத்தின் தலைப்பிலுள்ள ‘பணியிடத்தில்’ என்பது ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள். பட்டேரியில் நிகழ்ந்ததோ ‘பணியினால்’ என்னும் ஏதுப்பொருள். இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே சட்டத்துக்கும் அதன் தோற்றுவாய்க்கும் இடையிலான தொலைவு.

பணியளிப்பவர் யார் என்னும் வினா

சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுந்த சிக்கல்கள் பலவும் இந்த எல்லை வினாவையே சுற்றி வந்துள்ளன. திரைப்படத் துறை ஒரு சான்று. படம் முடிந்ததும் கலைந்துவிடும் குழுவில் வேலையளிப்பவர் யார், பணியிடம் எது? ஒவ்வொரு திரைப்படத்தின் தயாரிப்புப் பிரிவும் ஒரு பணியிடமே என்றும், அங்கு உள்ளகக் குழு அமைய வேண்டும் என்றும் 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையாளத் திரைத்துறை குறித்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் அளிக்கப்பட்டும் 2024 ஆகஸ்டில்தான் பொதுவெளிக்கு வந்தது.

தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழில் மற்றொரு சான்று. 2021 சனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடை ஆலையொன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இதன் பின் தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் நடத்திய இயக்கத்தின் பயனாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. ஆலை நிருவாகம், தொழிற்சங்கம், பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் ஆகிய தரப்புகளைப் பிணைக்கும் இவ்வொப்பந்தத்தில், பயிற்சி பெற்ற தொழிலாளர்களே தளக் கண்காணிப்பாளர்களாகச் செயல்படுகின்றனர். ஆலை கடமை தவறினால் கொள்முதல் நிறுவனமும் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டுள்ளது. சட்டம் எழுப்பிய முக்கோணத்தில் இடம்பெறாத இரு தரப்புகளை, அதாவது சங்கத்தையும் கொள்முதல் செய்வோரையும், பொறுப்புச் சங்கிலியில் சேர்த்தது இதன் வரலாற்றுச் சிறப்பு.

உச்ச நீதிமன்றமும் செயலாக்கக் குறைகளைத் தொடர்ந்து சுட்டி வருகிறது. 2023 மே மாதம் அவ்ரேலியானோ பெர்னாண்டஸ் வழக்கில் சட்டச் செயலாக்கத்தில் கடுமையான குறைபாடுகள் இருப்பதாகக் கூறிய நீதிமன்றம், 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் மாவட்ட அலுவலர் நியமனம் குறித்து ஆணையிட்டது. 2024 டிசம்பரில், அவ்வாண்டு முடிவதற்குள் மாவட்டந்தோறும் அலுவலரை நியமிக்கவும், 2025 சனவரி 31க்குள் உள்ளூர்க் குழுக்களை அமைக்கவும் காலக்கெடு விதித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் ஆன பின்னும் அதன் முதற்படிக்கே ஆணை தேவைப்பட்டது. அமைப்புசாராப் பெண்களுக்குச் சட்டம் திறந்து வைத்த ஒரே வாயில் அந்த முதற்படிதான் என்பதை நினைவிற்கொண்டால் இத்தாமதத்தின் எடை விளங்கும்.

முடிவுரை

நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் தீங்கின் பெயர் மானத்திலிருந்து சமத்துவத்துக்கு நகர்ந்துள்ளது. எனினும் அந்நகர்வு முற்றுப்பெறவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைப் பேச, 74, 79ஆம் பிரிவுகளில் மானம் என்ற சொல் அப்படியே தொடர்கிறது. பொறுப்பு, குற்றவாளியான தனிமனிதரோடு நில்லாமல் வேலையளிப்பவரையும் சென்றடைந்துள்ளது. அதுவும் வேலையளிப்பவர் இன்னார் எனக் காட்ட முடிந்த இடங்களில் மட்டுமே பயனளிக்கிறது.

எல்லை குறித்த மூன்றாம் வினாவுக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை வேறொரு விடையை முன்வைக்கிறது. பணியின்போது நிகழ்பவை மட்டுமன்றி, பணியோடு தொடர்புடையவையும் பணியிலிருந்து எழுபவையும் ஆகிய வன்முறை, துன்புறுத்தல் அனைத்தும் அதன் வரம்புக்குள் வருகின்றன. முறைசார், முறைசாராப் பொருளாதாரங்கள் இரண்டுக்கும் அது பொருந்தும். இவ்வரையறையில் பட்டேரி வயல் ஐயமின்றி அடங்கும்.

உள்ளூர்க் குழுக்களை ஒன்றிய அளவில் எளிதில் அணுகத்தக்கவையாக்குதல், வீட்டுப் பணியாளருக்கும் பிறருக்கு இணையான விசாரணை உரிமையை வழங்குதல், சட்டத்தின் வரம்பைப் பணியினால் நேரும் தீங்குக்கும் விரித்தல் ஆகிய மூன்றும் இவ்வரலாறு சுட்டும் அடுத்த படிகள். அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா பணியாளர் என அரசின் பணியை மதிப்பூதியத்துக்குச் செய்யும் பெண்கள் இன்றும் ஊர்தோறும் வீடுவீடாகச் சென்று வருகின்றனர். 1992இல் ஒரு சாத்தினுக்கு இல்லாதிருந்த பாதுகாப்பு இன்று அவர்களுக்கு முழுமையாகக் கிடைக்கிறதா என்பதே இச்சட்டத்தின் வெற்றியை அளக்கும் உரைகல்லாகும்.